ஐயாதுரை பங்குச் சோறு

இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கச் சொன்னால் ஐயாதுரை கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவார். ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது. மூன்று பேருக்கு வைக்கச் சொன்னால் போச்சு. ஒருநாள் கரிக்கும், மறுநாள் சப்பென்று இருக்கும். இருபது வருஷம் பட்டாளத்துச் சமையல்கட்டில் அகப்பை பிடித்த கை அது. சின்னச் சட்டி என்றால் என்னவென்றே அந்தக் கைக்குத் தெரியாது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஊரில் சொல்வார்கள். இந்த மனுஷர் படைக்கும் போனார், அங்கே போய்ப் பந்தியும் போட்டார். துப்பாக்கியைத் துடைத்ததைவிட அண்டாவைத் துலக்கியதுதான் அதிகம்.

பட்டாளத்தை முடித்துக்கொண்டு அவர் ராஜபாளையம் வந்து சேர்ந்தது எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில். பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வளவு. நடுவில் முற்றமும் ஒரு குழாயும், சுற்றி ஒன்பது வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். மூன்றாவது வீட்டில் அவர் மனைவி வெள்ளத்தாயும் மகள் நாச்சியாரும் இருந்தார்கள். வெள்ளத்தாய்க்கு நூல் மில்லில் வேலை. நாச்சியார் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். திருவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன் நர்சிங் குரூப் இருக்கிறதாம், அதில் சேர வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரே பிடிவாதம்.

ஐயாதுரையின் பென்ஷன் உத்தரவு வர ஐந்தாறு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை வெள்ளத்தாயின் மில் கூலிதான் மூன்று பேருக்கும். அது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு அல்லவா?

வந்த மூன்றாம் நாள். வெள்ளத்தாய் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். நாச்சியார் மம்சாபுரத்தில் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தாள். வேலை இல்லாத மனுஷர் அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் ஒரு மண்பானை, வாயைத் துணி போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்த்தால், கழுத்துவரை அரிசி. நடுநடுவே வேப்பிலையும் வற்றல் மிளகாயும் போட்டிருந்தது. ரேஷன் அரிசி, கடை அரிசி, குருணை எல்லாம் கலந்து கிடந்தது. இதென்னடா கதம்ப அரிசி என்று ஒரு நிமிஷம் யோசித்தார். யோசித்ததோடு சரி. ஸ்டோரில் சரக்கு இருந்தால் எடு, ஆக்கு, போடு. அவர் படித்த பாடம் அதுதானே!

இருபது வருஷம் ஊர்பேர் தெரியாதவனுக்கெல்லாம் சோறு போட்டாச்சு, நம் வளவுக்கு ஒரு நேரம் போடக்கூடாதா என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் அண்டாவை இரவல் வாங்கினார். கையிலிருந்த காசுக்குப் பருப்பும் பூசணிக்காயும் முருங்கைக்காயும் வந்தன. முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினார்.

எதிர் வீட்டு மாடத்தி இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். அவளும் மில்காரிதான், அன்றைக்கு அவளுக்கு லீவு. வாய் மட்டும் லீவு எடுக்காது.

"ஏ பட்டாளத்து அண்ணே, சீனாக்காரன் படையெடுத்து வாரானா? யாருக்கு அம்புட்டுச் சோறு?"

"உனக்குத்தான் தாயி. வளவு மொத்தமும் மதியம் இங்கதான் சாப்பாடு. ஒருத்தரும் உலை வைக்கப்படாது, சொல்லிட்டேன்."

வளவு சாப்பிட்டது. வளவுக்கு விருந்தாளியாக வந்தவனும் சாப்பிட்டான். தெருவில் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றவனைக் கூடக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பூசணிக்காய்ச் சாம்பார் மணத்துக்கு யார்தான் எழுந்து போவார்கள்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளிப் போட்டார். நெய் எந்த வீட்டு நெய் என்பதைத்தான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு வெள்ளத்தாய் வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. முற்றத்தில் எச்சில் இலைகளைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். அங்கே பானையைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார் ஐயாதுரை. அதையும் பார்த்துவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போடுங்க" என்றாள்.

அண்டாவைச் சுரண்டி ஒரு தட்டுச் சோறு போட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "உப்பு சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். மனுஷர் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் குழாயடியில் மாடத்திதான் உடைத்தாள்.

"அண்ணே, அந்தக் கதம்பச் சோறு எங்கன கெடச்சதுன்னு சாப்பிடையிலேயே யோசிச்சேன். வெள்ளத்தாயி பானையவா கவுத்துட்டீக?"

"ஆமா. ஏன்?"

"அடப் பாவி மனுசா! அது பிடி அரிசியில்லா? தினம் உலை வைக்கையில ஒரு பிடி அள்ளி அள்ளிப் போன ஆடியில இருந்து சேத்து வச்சது. பள்ளிக்கூடம் தொறக்கிற மாசம் கூலிக்காசு அம்புட்டும் பிள்ளைக்கு நோட்டு, புஸ்தகம், துணின்னு போயிரும். அந்த மாசம் அந்தப் பானையத்தான் பொங்கித் திம்பாக. வருசா வருசம் அப்படித்தான். இந்த வருசம் திருவில்லிபுத்தூரு பஸ்ஸு, தாவணின்னு செலவு வேற கூட."

ஐயாதுரை குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் லீவில் வருவதெல்லாம் ஆவணி, புரட்டாசியில். அப்போது பானை அடியில் நாலு பிடிதான் கிடக்கும். இத்தனை வருஷமாக அது அவர் கண்ணில் படவே இல்லை. மாதா மாதம் மணியார்டர் அனுப்பினேன், குடும்பம் ராஜாவாட்டம் இருக்கிறது என்று பனிமலையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தார். நல்ல ராஜா!

வெள்ளத்தாய் ஏசியிருந்தால் கூடத் தேவலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மம்சாபுரத்திலிருந்து வந்த நாச்சியாரும் கவிழ்ந்த பானையைப் பார்த்தாள். செத்த நேரம் கழித்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் மில்லுக்குப் போறேன். ஆள் எடுக்காங்களாம். மாடத்தி அத்தை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சு."

"நர்சு குரூப்பு?"

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ப்பா."

மில்லுக்குள் போன பிள்ளை அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய கதை அந்த வளவில் ஒன்று கூடக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பள்ளிக்கூடம் தொறக்க எம்புட்டு நாளு இருக்கு?" என்று கேட்டார். ஏழு வாரம் என்றாள். "அதுக்குள்ள இந்தப் பானை நெறையும். நீ மில்லுப் பக்கம் காலை வச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, எதை வைத்து நிறைப்பது என்று அந்த நிமிஷம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து அடுப்படி ஐயாதுரை கைக்கு வந்தது. முதல் வாரம் சிரிப்பாய்ச் சிரித்தது. ரசத்துக்குப் புளி கரைத்தால் பத்துப் பேருக்கு ஆகும். மிச்சத்தை மறுநாள் குழம்பாக்குவார், அதுவும் மிஞ்சும். வெள்ளத்தாய் அவர் கையைப் பிடித்து உப்பைப் பாதியாக உதறிவிடுவாள்.

ஆனால் பட்டாளம் அவருக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தது, எதையும் தூரப் போடாதே என்று. பூசணிக்காயின் சதை குழம்புக்கு, தோல் துவையலுக்கு, விதை வறுக்க. காணத்தை, அதான் கொள்ளை, வேக வைத்தால் தண்ணீர் ரசத்துக்கு, பயறு சாயங்காலம் பிள்ளைக்குச் சுண்டல். கடை கட்டுகிற நேரமாய்ப் பார்த்துக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போவார். முள்ளங்கியை விற்றுவிட்டு அதன் இலையைக் குவித்துப் போட்டிருப்பார்கள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதைப் பருப்போடு கடைந்தால் ஒரு நேரம் ஓடிற்று. சித்திரைக் காற்று அடித்த மறுநாள் விடியுமுன் மேற்கே மாந்தோப்புப் பக்கம் நடந்துவிடுவார். காவல்காரர் கண்ணுச்சாமியும் பட்டாளத்தில் இருந்தவர். "உதுந்த காயத்தானே கேக்கீரு, அள்ளிட்டுப் போமய்யா" என்பார். அந்தக் காய் ஒருநாள் பச்சடி, ஒருநாள் குழம்பு. மிச்சத்தைக் கீறி உப்புப் போட்டு ஓட்டு மேல் காய வைத்தால் மழைக்காலத்துக்கு வற்றல். குழம்பு தாளித்த கரண்டியைக் கூடக் கழுவ விட மாட்டார். ஒரு பிடி சோற்றை அதில் போட்டுப் பிரட்டி, ஒட்டிய எண்ணெயையும் கடுகையும் சேர்த்து நாச்சியார் தட்டில் வைப்பார்.

இதிலெல்லாம் காசு மிஞ்சியது, அரிசி மிஞ்சவில்லை. மூன்று வயிற்றுக்கு மூன்று வயிற்றுச் சோறு வேண்டுமே. இருபது நாளில் பானையின் அடி மட்டும்தான் மூடியிருந்தது. பானைக்குள் கையை விட்டுப் பார்த்துப் பார்த்து மனுஷர் இளைத்துப் போனார்.

வழி ரேஷன் கடை வாசலில் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்.

"கோதுமை வாங்கலையா?" என்று ஐயாதுரை கேட்டார்.

"அத வாங்கி என்ன செய்ய? ஒடச்சு உப்புமா கிண்டினா பிள்ளைக தொட மாட்டேங்குது. சப்பாத்தி காய்ச்சக்காரன் திங்கிறது. யாரு அதப் போட்டு உருட்டிக்கிட்டுக் கெடக்கிறது?"

யார் உருட்டுவதா! ஐயாதுரை நடுத்தெருவில் நின்று சிரித்தார். ஒரு நாளைக்கு நானூறு சப்பாத்தி உருட்டிய கை சும்மா கிடக்கிறது, ஒன்பது கார்டுக்குக் கோதுமை சும்மா கிடக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அன்று மாலை குழாயடியில் வைத்துப் பெண்களிடம் பேசினார். அவரவர் கார்டுக் கோதுமையை வாங்கி அரைத்துக்கொண்டு வாருங்கள், வீட்டுக்கு ஒரு விறகு கொண்டு வாருங்கள், வாரத்தில் நாலு நாள் சாயங்காலச் சாப்பாடு நான் செய்கிறேன். உங்களுக்கு ஒரு நேர அரிசியும் மண்ணெண்ணெயும் மிச்சம், மில்லிலிருந்து வந்து அடுப்பூத வேண்டியதில்லை.

"கூலி என்ன வேணும் அண்ணே?" என்றாள் மாடத்தி.

ஐயாதுரை தயங்கினார். பொறவு சொன்னார். "மிச்சமாகிற அரிசியில வீட்டுக்கு ஒரு பிடி."

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று அவர் நினைத்தார். அவள் உள்ளே போய் ஒரு பிடி அரிசியை அள்ளி வந்து, "இந்தாங்க, அட்வான்ஸு" என்று கொடுத்தாள்.

அதன் பிறகு அந்த முற்றத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பெரிய தோசைக்கல், ஒரு தீ, மலை மாதிரி மாவு. சின்னச் சட்டியில் தடுமாறிய கை பெரிய வேலையில் பம்பரமாய்ச் சுற்றியது. தட்டாம்பயற்றை வெங்காயம் போட்டுக் கடைந்து ஊற்றினால் காய்ச்சல்காரன் சாப்பாடு என்று சொன்ன ஆண்டிச்சாமியே நாலாவது சப்பாத்திக்கு நிற்பார். பெண்கள் ஒவ்வொருத்தியும் முந்தானையில் முடிந்துவந்த ஒரு பிடி அரிசியைப் பானையில் போட்டுவிட்டுத் தட்டோடு உட்கார்ந்தார்கள். எட்டு வீட்டு அரிசியும் எட்டு நிறம். பானை மறுபடியும் கதம்பமாய் ஏறியது.

பாதிக்கு மேல் ஏறியிருந்தபோது ரேஷனில் கோதுமை நின்றது. எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்றார்கள். பத்து நாள் தோசைக்கல் கவிழ்ந்து கிடந்தது. இடையில் ரிசல்ட் வந்தது. நாச்சியார் நல்ல மார்க் எடுத்திருந்தாள், கேட்ட குரூப்பில் இடமும் கிடைத்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம். பானையில் முக்கால்வாசி கூட இல்லை. ஐயாதுரை அன்று சாயங்காலம் முற்றத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

மாடத்தி வந்தாள். முந்தானையை அவிழ்த்தாள். ஒரு பிடி இல்லை, நாலு பிடி.

"கோதுமைதான் வரலையே தாயி. நான் ஒண்ணும் செய்யலையே. எதுக்கு இது?"

"அன்னைக்கு எங்களுக்கு ஒரு அண்டாச் சோறு போட்டீகளே, அது கணக்குல சேராதா? எம் மகன் ரெண்டு தடவ வாங்கித் தின்னான். தின்ன வாய் சும்மா இருக்கலாமா? பிடிங்க, பிடிங்க. பட்டாளத்துக்காரரு அழுதா நல்லாவா இருக்கு?"

பின்னாலேயே ஆண்டிச்சாமி வந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று பெரிய பேச்சாக ஆரம்பித்தார், மாடத்தி "அரிசியைப் போட்டுட்டுப் பேசும்" என்றாள். எட்டு வீடும் வந்தது. அன்றைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றவன் கூட எப்படியோ கேள்விப்பட்டு ஒரு படி அரிசியோடு வந்துவிட்டான். பானை நிறைந்து, மேலே துணி கட்ட இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் ஆறு வாரமாய் நெஞ்சில் கிடந்ததை ஐயாதுரை கேட்டார்.

"ஏட்டி, அன்னைக்கு அம்புட்டு அரிசியையும் பொங்கித் தொலைச்சேன். நீ ஒரு வார்த்தை ஏசலையே. அம்புட்டுக் கோவமா எம்மேல?"

வெள்ளத்தாய் வேப்பிலையை உருவிப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். "கோவம் எதுக்கு? அது உங்க பங்குதான" என்றாள்.

"என் பங்கா?"

"தினம் உலை வைக்கையில மூணு பேருக்குத்தான் அளப்பேன். எனக்கு, பிள்ளைக்கு, உங்களுக்கு. நீங்கதான் அங்கிட்டு எங்கயோ கெடக்கீக. அதான் உங்க பங்க ஒரு பிடியா அள்ளிப் பானையில போடுறது. உங்கள விட்டுட்டு ஒருநாளும் உலை வச்சதில்ல. ஆனியில அத எடுத்துப் பொங்கையில, இது உங்கப்பா போடுற சோறுன்னு பிள்ளைக்குச் சொல்லித்தான் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க பங்க எடுத்து நீங்க ஊருக்குப் போட்டீக. நான் என்னன்னு ஏச? பிள்ளை படிப்பு என்னாகுமோன்னுதான் அன்னைக்குப் பேச்சு வரல."

ஐயாதுரைக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார். இருபது வருஷம் பனியில் நின்று குடும்பத்துக்குச் சோறு போட்டது நான்தான் என்று நினைத்திருந்தார். தினமும் இங்கே ஒருத்தி அவருக்கும் சேர்த்து அளந்துகொண்டிருந்தாள். நன்றி என்பதெல்லாம் நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் வாயால் சொல்கிற வார்த்தையா? அவருக்கும் சொல்ல வரவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றாள். தட்டை எடுத்து வைத்து அவளுக்குப் போட்டார். அவள் போதும் போதும் என்று கையை மறித்தும் ஒரு கரண்டி கூடவே போட்டார்.

நாச்சியார் அந்த ஆனியில் புதுத் தாவணியோடு திருவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். ஆவணியில் பென்ஷன் உத்தரவு வந்தது. பென்ஷன் வந்தது என்று ஐயாதுரை தோசைக்கல்லைக் கவிழ்த்து வைக்கவில்லை. கோதுமை கிடைத்த மாதமெல்லாம் முற்றத்தில் சப்பாத்தி உண்டு. கூலி அதே ஒரு பிடிதான். வளவில் எந்த வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வந்ததோ, அந்த வருஷம் பானை அந்த வீட்டுக்குப் போயிற்று. மாடத்தியின் மகன் ஐடிஐ படித்தது அப்படித்தான். அதற்குப் பிறகு மாடத்தி கொஞ்ச நாள் அவரைக் கேலி செய்யாமல் இருந்தாள். மூன்று நாள் இருக்கும்.

நாச்சியார் ப்ளஸ் டூ முடித்து, மதுரையில் நர்ஸ் டிரெயினிங் முடித்து, தொண்ணூற்று மூன்றில் திருவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஷிப்டு வேலை, தினம் வந்து போக முடியாது. மடவார் வளாகம் பகுதியில், கூட வேலை பார்க்கும் வஞ்சுளவல்லியோடு ஓர் அறை எடுத்துத் தங்கினாள். முதல் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி, கால் கிலோ பால்கோவா எல்லாம் எடுத்து வைத்தாள். கடைசியில் ஒரு மஞ்சள் பையை அப்பா மடியில் வைத்தாள்.

பிரித்துப் பார்த்தார். அரிசி.

"இது என்னத்துக்கு தாயி? இங்க அரிசி இல்லையா?"

"இருபத்தாறு நாளுப்பா" என்றாள் நாச்சியார். "தினம் உலை வைக்கையில உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அளந்தேன்."

வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயாதுரை அந்த அரிசியைக் கையில் அள்ளினார், பார்த்தார், பையிலேயே போட்டார். திரும்பவும் அள்ளினார். பொறவு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். பானைக்குப் போக வேண்டிய அரிசிதான் அது. ஆனால் அன்றைக்கு அவருக்கு அதைப் பொங்கிவிட வேண்டும் என்றிருந்தது. மூன்று பேருக்கு மட்டும் அளந்து எடுத்து, மிச்சத்தை முடிந்து வைத்தார். முள்ளங்கி இலை போட்டுப் பருப்புக் கடைந்தார். அண்டா இல்லை, சின்னச் சட்டிதான். உப்பை எடுத்த கை ஒரு நிமிஷம் நின்றது. வழக்கமாக உதறிவிட வருகிற வெள்ளத்தாய் அன்று நகரவில்லை. போட்டார்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வெள்ளத்தாய் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள்.